நாத்திக மேடையிலிருந்து அடையாறு வரை

சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிறு மாலை, நம் சங்க நூலகத்தில் நான்கைந்து அன்பர்கள் கூடியிருந்தபொழுது, நாத்திகராயிருந்து பின்னர் ஆத்திகரானவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. இப்பேச்சில் நம்மவர் முதலில் எடுப்பது கவிஞர் கண்ணதாசன் பெயரையே. அன்றும் அவ்வாறே ஆயிற்று. ஓர் அன்பர், "அரைகுறையாய்ப் படித்தவனே நாத்திகம் பேசுவான், முழுவதும் படித்தால் தெளிந்துவிடுவான்" என்றார். மற்றொருவர், "அப்படியன்று; வயதும் நோயும் வந்தால் எவனும் கோயிலுக்கு வருவான்" என்றார். இருவருக்கும் கை தட்டினார்கள். நான் பேசாமல் வீடு திரும்பினேன்.

என் தந்தையார் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். ஐம்பது வயது வரை கோயில் வாயிலை மிதித்தவரல்லர். வீட்டில் ஒரு சாமி படம் மாட்டவும் இசையமாட்டார். இங்கர்சாலின் சொற்பொழிவுகளைத் தமிழாக்கத்தில் படித்துப் படித்து ஓரம் கிழிந்த பிரதிகள் அவர் தகரப் பெட்டியில் இருந்தன. நோயும் இன்றிக் கடனும் இன்றி இருந்த ஒரு நாளில், கிருத்திகையன்று விடியற்காலையில் நீராடி, நெற்றியில் திருநீறு அணிந்து வேலைக்குப் புறப்பட்டார். ஷெட்டில் நண்பர்கள் கேலி செய்தார்கள். அவரோடு இருபது ஆண்டு பழகிய ஒருவர் எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். தந்தையார் ஒருவருக்கும் விடை கூறவில்லை. அக்காலத்தில் பள்ளி மாணவனாயிருந்த நானும் சிரித்தவர்களுள் ஒருவன். காரணம் கேட்க வேண்டுமென்று எனக்குத் தோன்றிய காலத்தில் அவர் இல்லை.

அவ்விரு அன்பர்களின் கூற்றும் என் தந்தையாருக்குப் பொருந்தவில்லை. வேறு எவருக்கேனும் பொருந்துமா என்று ஆராயப் புகுந்தபொழுது அன்னி பெசன்ட் அம்மையாரின் வரலாறு கைக்கு வந்தது. அம்மையாரை நாம் ஹோம் ரூல் கிளர்ச்சியின் தலைவியாகவும் அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவியாகவும் அறிவோம். அதற்கு முன்னர் பதினைந்து ஆண்டுக் காலம் இங்கிலாந்தில் நாத்திகப் பிரசாரத்தின் முன்னணியில் நின்றவர் அவர் என்பதைப் பலர் அறியார்.

1847-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி இலண்டனில் பிறந்த அன்னி, இளமையில் மிகுந்த பக்தி உடையவர். இருபதாம் வயதில், 1867-இல், பிராங்க் பெசன்ட் என்னும் பாதிரியாரை மணந்தார். ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரு குழந்தைகள். 1871-இல் குழந்தைகளுக்குக் கக்குவான் இருமல் கண்டது. பெண் குழந்தை மேபெல் பிழைப்பதே அரிதாயிற்று. வாரக் கணக்கில் தாய் அக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இரவும் பகலும் விழித்திருந்தார். குழந்தை போய்விட்டது என்று எண்ணிய ஒரு தருணத்தில் வைத்தியர் குளோரோபாரம் சிறிது காட்டியதில் மூச்சுத் திணறல் அடங்கியது. மேபெல் பிழைத்தாள், தாயின் நம்பிக்கையோ பிழைக்கவில்லை. ஒரு பாவமும் அறியாத பச்சிளங்குழந்தை இவ்வாறு துடிப்பதை அன்பே உருவான ஆண்டவன் எங்ஙனம் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்னும் வினா அவரைப் பற்றிக்கொண்டது.

ஈண்டு நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. துன்பம் வந்தால் மனிதன் கடவுளிடம் ஓடுவான் என்று நூலகத்தில் அன்பர் சொன்னாரல்லவா? அம்மையார் துன்பம் வந்தபொழுது கடவுளை விட்டு விலகியவர்.

அவர் விலகியதும் அவசரத்தில் அன்று. சமய நூல்களையும் அவற்றை மறுக்கும் நூல்களையும் வரிசையாகப் படித்தார். ஐயம் தீராமல், ஆக்ஸ்போர்டில் இருந்த பூசி என்னும் பெரும் சமய அறிஞரிடம் நேரிற் சென்றார். அவரோ காரணம் ஒன்றும் காட்டாமல், ஏற்கெனவே அளவுக்கு மீறிப் படித்துவிட்டாய், இனிப் படியாதே, பிரார்த்தனை செய் என்னும் பொருள்பட அறிவுரை கூறி அனுப்பினார். கேள்வி கேட்டவரிடம் படிக்காதே என்று சொல்லி எவரும் எவரையும் மீட்டதாக நான் அறியேன். 1873-இல் திருவிருந்தில் கலந்துகொள்ள மறுத்தார். கலந்துகொள், இல்லையேல் வீட்டை விட்டுப் போ என்றார் கணவர். அவர் மகளோடு வெளியேறினார். மகன் தந்தையிடமே தங்கினான்.

அதன்பின் வறுமை. பிரிட்டிஷ் மியூசியம் படிப்பறைக்குச் செல்லும் நாட்களில், சாப்பாட்டை நகரத்தில் பார்த்துக்கொள்வதாக வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுவாராம். நகரத்தில் சாப்பாடு ஒன்றும் இராது. 1874-இல் தாயார் மரணப்படுக்கையில் கிடந்தார். மகள் உடன் அருந்தினாலன்றித் தாமும் திருவிருந்து அருந்துவதில்லை என்று அம்மூதாட்டி பிடிவாதம் பிடித்தார். நம்பிக்கையில்லாத ஒருத்திக்கு அதனை அளிக்கப் பாதிரிமார் மறுத்தனர். மகள், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத் தலைவர் ஸ்டான்லியிடம் சென்று, தம் நிலையை ஒளிக்காமல் கூறினார். அவர் வந்து இருவருக்கும் அளித்தார். ஒரு பெரியவர் காரணம் காட்ட மறுத்தார். மற்றொரு பெரியவர் காரணம் கேட்க மறுத்தார். இரண்டாமவரை அம்மையார் ஆயுள் முழுதும் நன்றியோடு நினைத்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டில், இலண்டன் 'ஹால் ஆப் சயன்ஸ்' என்னும் நாத்திகர் மன்றத்தில் சார்லஸ் பிராட்லாவைச் சந்தித்தார். பிராட்லா அந்நாளில் இங்கிலாந்து நாத்திகர்களின் தனிப்பெருந் தலைவர். சிங்கம் போன்ற பேச்சாளர். அவர் நடத்திய 'நேஷனல் ரிபார்மர்' பத்திரிகையில் வாரம் ஒரு கினி சம்பளத்துக்கு அம்மையார் எழுதத் தொடங்கினார். நாடெங்கும் சென்று பேசினார். 1877-இல் இருவரும் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு பழைய அமெரிக்க நூலை ஆறு பென்னி விலைக்கு மறுபதிப்புச் செய்து வேண்டுமென்றே வழக்கை வரவழைத்தனர். வக்கீல் வைக்காமல் அம்மையார் தாமே வாதாடினார். ஆறு மாதச் சிறையும் 200 பவுன் அபராதமும் என்று தீர்ப்பாயிற்று. மறு ஆண்டு, குற்றப்பத்திரிகையில் இருந்த ஒரு குறையினால் அத்தீர்ப்பு தள்ளுபடியாயிற்று.

சிறைக்குத் தப்பியவர் அதனினும் கொடிய தண்டனைக்குத் தப்பவில்லை. 1878-இல் கணவர் வழக்குத் தொடர்ந்தார். நாத்திகம் போதிப்பவள், ஆபாச நூல் வெளியிட்டவள் என்னும் காரணங்களைக் காட்டி, மேபெல் தாயிடம் வளரத் தகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்தக் குழந்தையின் துன்பத்தைக் கண்டு கடவுளை விட்டாரோ, கடவுளை விட்டதற்காகவே அந்தக் குழந்தை பறிக்கப்பட்டது. அம்மையார் சுரம் கண்டு படுத்தார். பார்த்துப் பார்த்துப் பிரிவது குழந்தைகளுக்கு வேதனை என்று கருதி, அவர்கள் வயது வந்து தாமாகத் தேடி வரும் வரையில் பார்ப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டார். வயது வந்ததும் இருவரும் தாயிடமே வந்தனர். அஃது ஒரு பத்தாண்டுக்குப் பிற்பட்ட செய்தி.

இனி, அவருடைய கல்வியைச் சற்று நோக்குவோம். 1878-இல்தான் இலண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க இசைந்தது. அம்மையார் முப்பத்தோராம் வயதில், 1879-இல், மெட்ரிகுலேஷன் தேறினார். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்ட இக்கட்டுரையாளனுக்கு இதில் தனி மகிழ்ச்சி. பின்னர்த் தாவர நூல், உடலியல் முதலியவற்றைப் பயின்று முதல் வகுப்பில் தேர்வுகள் எழுதினார். ஆயினும் 1883-இல் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவர வகுப்பில், இவருடைய பெயரின் காரணமாகவே, இடம் மறுக்கப்பட்டது. 1887-இல் வெளிவந்த இவருடைய சிறுநூல் ஒன்றின் பெயர் 'கடவுளை நான் ஏன் நம்புவதில்லை' என்பது. ஆத்திகர் கூறும் ஒவ்வொரு வாதத்தையும் எடுத்து, பெயர் சொல்லி மறுக்கும் நூல் அது. அரைகுறைப் படிப்பு என்று எவரும் கூற இயலாது.

அந்நூல் வெளிவந்து இரண்டே ஆண்டுகள். அதற்குள் அவர் மாறினார்.

மாற்றம் திடீரென நிகழ்ந்ததாக உலகம் எண்ணியது. அவர் எழுதியுள்ளதைப் பார்த்தால், 1886 முதற்கொண்டே தம் கொள்கை தமக்குப் போதவில்லை என்னும் எண்ணம் உள்ளே இருந்திருக்கிறது. ஏழைகளுக்காக உழைக்க வேண்டுமென்று பேபியன் சோஷலிஸ்டுகளோடு சேர்ந்தார். அதனால் பிராட்லாவோடு கருத்து வேறுபட்டு, 1887-இல் பத்திரிகையின் கூட்டாசிரியர் பொறுப்பை விட்டார். 1888-இல் கிழக்கு இலண்டனில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர் 1,400 பேர் வேலை நிறுத்தம் செய்தபொழுது அவர்களுக்குத் துணை நின்று வெற்றி தேடித் தந்தார். அவ்வுழைப்பின் நடுவே அவரை ஒரு வினா அரித்தது. மனிதன் வெறும் சடப்பொருளே என்றால், பிறருக்காகத் தன்னைத் தியாகம் செய்யும் உந்துதல் எங்கிருந்து வருகிறது? கனவு, மனவசியம் முதலியவற்றை ஆராய்ந்தார். அவர் கற்ற உடலியல் விடை தரவில்லை. 1889-இன் தொடக்கத்தில் ஒரு நாள் தனித்திருக்கையில், ஒளி அண்மையில் உள்ளது என்று தமக்கு ஒரு குரல் கேட்டதாகவும் எழுதுகிறார். பகுத்தறிவாளர் பலர் இவ்விடத்தில் நூலை மூடிவிடுவர். நானும் சிறிது நேரம் மூடித்தான் வைத்தேன்.

சில நாட்களில், 'பால் மால் கெஜட்' ஆசிரியர் ஸ்டெட், மதிப்புரை எழுதுமாறு இரண்டு பெருந்தொகுதிகளை அவரிடம் கொடுத்தார். பிளவாட்ஸ்கி அம்மையார் எழுதி 1888-இல் வெளிவந்த 'இரகசிய உபதேசம்' அது. படித்து முடித்து மதிப்புரை எழுதி, நூலாசிரியரைச் சந்திக்கச் சென்றார். மறுமுறை சென்று சபையில் சேர்வது பற்றிக் கேட்டபொழுது பிளவாட்ஸ்கி அம்மையார், "என்னைப் பற்றிய அறிக்கையைப் படித்தாயா? போய்ப் படி, படித்த பின்னும் வருவதானால் பார்ப்போம்" என்னும் கருத்துப்படக் கூறினாராம்.

அவ்வறிக்கைக்கும் நம் சென்னைக்கும் தொடர்பு உண்டு. அடையாற்றில் பிளவாட்ஸ்கி அம்மையாரின் வீட்டில் வேலை பார்த்த கூலோம் தம்பதிகள், அங்கு நிகழ்ந்த அற்புதங்கள் எல்லாம் தங்கள் உதவியோடு செய்த தந்திரங்களே என்று கூறி, அதற்குச் சான்றாகச் சில கடிதங்களை 1884-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் வெளியிடச் செய்தனர். இலண்டனிலுள்ள உளவியல் ஆராய்ச்சிச் சங்கம் ரிச்சர்டு ஹாட்ஜ்சன் என்பவரை நேரில் அனுப்பி விசாரித்தது. அவ்வம்மையார் தேர்ந்த மோசக்காரி என்று 1885-இல் அச்சங்கம் அறிக்கை வெளியிட்டது. அன்னி பெசன்ட் அதனை இரவல் வாங்கி முழுவதும் படித்தார். மோசத்துக்கு உடந்தையாயிருந்தோம் என்று தாமே கூறிக்கொள்பவர்களின் சொல்லை நம்பி எழுந்த கட்டடம் இது என்று கருதி, மறுநாளே சென்று சபையில் சேர்ந்தார். 1889-ஆம் ஆண்டு மே 10-ஆம் தேதி. (அவ்வறிக்கையின் முறையை வெர்னான் ஹாரிசன் என்னும் கையெழுத்து நிபுணர் 1986-இல் அதே சங்கத்தின் இதழிலேயே கடுமையாகக் கண்டித்தார். ஆனால் அற்புதங்கள் உண்மையென்று அதனால் நிலைநாட்டப்பட்டுவிடவில்லை.)

நண்பர்கள் திகைத்தனர். பெர்னார்டு ஷா செய்தி அறிந்து நேரில் ஓடிவந்து வாதாடினார். மரக்கறி உணவுக்கு மாறியதால் என் மூளை தளர்ந்துவிட்டதோ என்னவோ என்று அம்மையார் நகைச்சுவையாக விடை கூறியதாக ஷாவே எழுதியிருக்கிறார். மரக்கறி உணவில் அவருக்கு முன்னோடி ஷா. தெய்வ நிந்தனைக்காக 1883-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்ற பூட் என்னும் நாத்திகத் தலைவர் மறுப்பு நூல் எழுதினார். பிராட்லா எழுதியது சில வரிகளே. தம்மைக் கலந்து பேசாமல் இம்முடிவு செய்யப்பட்டதற்கு வருந்தி, நாத்திகர் ஒருவர் பிரம்மஞானியாக இருத்தல் இயலாது என்று மட்டும் தெரிவித்தார். நிந்தனை ஒரு சொல் இல்லை. பதினைந்து ஆண்டு ஒரே மேடையில் நின்றவர். இவருக்காக நீதிமன்றம் ஏறியவர். அச்சில வரிகளில் உள்ள துயரம் பூட்டின் நூல் முழுவதிலும் இல்லை.

அம்மையார் தம் தரப்பை ஒளிந்து நின்று கூறவில்லை. அதே 'ஹால் ஆப் சயன்ஸ்' மேடையில் ஏறி, அதே நாத்திகச் சபையின் முன், தாம் மாறியது ஏன் என்று எடுத்துரைத்தார். இயற்கைக்கு அப்பால் நின்று உலகைப் படைத்த ஓர் ஆளாகிய கடவுளைத் தாம் அப்பொழுதும் ஏற்கவில்லை என்றும், எல்லாப் பொருளிலும் ஊடுருவி நிற்கும் ஒரே உயிர் என்பதையே ஏற்றதாகவும் விளக்கினார். நம் அத்வைதம் அறிந்தவர்களுக்கு இது புதிதன்று.

1891 ஜனவரி 30-ஆம் தேதி பிராட்லா மறைந்தார். நெடுங்காலம் போராடி 1886-இல் பார்லிமெண்டில் இடம் பெற்று, அங்கு இந்தியாவுக்காகப் பரிந்து பேசியவர் அவர். ஆதலின் இலண்டனிலிருந்த இந்தியர் பலர் இறுதிச் சடங்குக்குச் சென்றனர். அவர்களுள் இருபத்தொரு வயது மாணவரான மோகன்தாஸ் காந்தியும் ஒருவர். திரும்புகையில், ரயிலுக்காகக் காத்திருந்த நிலையத்தில் ஒரு தீவிர நாத்திகர் ஒரு பாதிரியாரை மடக்கினார். பூமியின் சுற்றளவை ஒப்புக்கொள்ளச் செய்து, உம் கடவுளின் அளவு என்ன, அவர் இருக்கும் இடம் எது என்று கேட்டார். நம் இருவர் நெஞ்சிலும் இருக்கிறார் என்றார் பாதிரியார். என்னைக் குழந்தையென்று எண்ணினீரோ என்றார் மற்றவர். காந்தியடிகள் தம் சுயசரிதையில் இதனை எழுதி, இப்பேச்சு நாத்திகத்தின்மேல் தமக்கிருந்த வெறுப்பை மிகுவித்தது என்கிறார். அன்னி பெசன்ட் நாத்திகத்திலிருந்து திரும்பிய செய்தியும் அவ்வெறுப்பை வலுப்படுத்தியது என்று அங்கேயே குறிப்பிடுகிறார். நாள்தோறும் பிளாட்பாரத்து வாதங்களைக் கேட்கும் எனக்கு இவ்விடம் மிகவும் பிடித்தது. இறந்தவருக்கு மரியாதை செய்யப் போனவர், இறந்தவரின் கொள்கையை விட்டு மேலும் விலகித் திரும்பினார்.

நம் நாட்டு நாத்திகருக்கும் இச்செய்தி சிறிதன்று. பிராட்லாவை வழிகாட்டியாகக் கொண்டு சென்னையில் ஒரு நாத்திகச் சங்கம் இயங்கி, 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ்ப் பத்திரிகை நடத்தியது. அப்பத்திரிகை நின்று ஐந்து ஆண்டுகளில், 1893 நவம்பர் 16-ஆம் தேதி, அம்மையார் கொழும்பிலிருந்து தூத்துக்குடியில் வந்து இறங்கினார். இந்திய மண்ணில் அவர் முதலில் அடி வைத்தது நம் தூத்துக்குடியிலேதான். அங்கிருந்து தென் ஜில்லாக்களில் பிரசங்கம் செய்துகொண்டே அடையாறு சேர்ந்தார். 1895-இல் கீதையை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1898-இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரி நிறுவினார். 1917-இல் காங்கிரஸ் தலைவரானார். இவையெல்லாம் யாவரும் அறிந்தவை, விரிக்க வேண்டா.

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. மாறிய பின்னர், அவரிடம் முன்பு இருந்த சோதித்துப் பார்க்கும் வழக்கம் குறைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. அடையாற்றில் 1909-இல் கண்டெடுத்த கிருஷ்ணமூர்த்தி என்னும் சிறுவனே வரப்போகும் உலக குரு என்று சக ஊழியர் ஒருவர் ஞானதிருஷ்டியில் கண்டதாகச் சொன்னதை அப்படியே நம்பினார்; 1911-இல் அதற்கென ஒரு சங்கமே அமைத்தார். பூசியிடம் காரணம் கேட்ட பெண் இங்கே காரணம் கேட்கவில்லை. பாரதியார் 1914-இல் 'பொன் வால் நரி' என்று ஆங்கிலத்தில் ஓர் அங்கதம் எழுதி இவரைக் குத்தியதும் இக்காலத்தில்தான்.

சிறுவனின் தந்தை நாராயணய்யா, தம் இரு மக்களையும் திரும்பத் தருமாறு 1912-இல் வழக்குத் தொடர்ந்தார். அம்மையார் இம்முறையும் தாமே வாதாடினார். 1878-இல் குழந்தையைப் பறிகொடுத்த தாய், இப்பொழுது பிறர் குழந்தைகளைத் தர மறுக்கும் தரப்பில் நின்றார். 1913-இல் சென்னை உயர்நீதிமன்றம் தந்தைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1914-இல் பிரிவி கவுன்சில், பிள்ளைகளின் விருப்பத்தைக் கேளாமல் அளித்த தீர்ப்பு செல்லாது என்று மாற்றியது. நாராயணய்யாவுக்குப் பிள்ளைகள் திரும்பவில்லை. இதனை எழுதும்பொழுது என் மனம் அந்தத் தந்தையின் பக்கமே சாய்கிறது.

1929 ஆகஸ்டு 3-ஆம் தேதி, ஹாலந்து நாட்டில் ஓமன் என்னும் ஊரில் கூடிய கூட்டத்தில், முப்பத்து நான்கு வயதான கிருஷ்ணமூர்த்தி எழுந்தார். தமக்காக அமைத்த சங்கத்தைத் தாமே கலைப்பதாகவும், தமக்குச் சீடர் எவரும் வேண்டாம் என்றும், எந்த அமைப்பும் ஒருவனை உண்மைக்கு அழைத்துச் செல்லாது என்றும் அறிவித்தார். எண்பத்தொரு வயது அம்மையார் அவைக்கண் இருந்து அதனைக் கேட்டார். அதன்பின் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, 1933 செப்டம்பர் 20-ஆம் தேதி அடையாற்றில் காலமானார். தம்மை விட்டு விலகிப்போன கிருஷ்ணமூர்த்தியைக் கடைசி வரை அவர் தம் மகனாகவே நேசித்தார்.